சுண்ணாம்புக்கல் மலைகளில் மரம் வெட்டுதல்

(வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் பஞ்சாயத்து உறுப்பினர்களின் பயிற்சி முகாமில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் புறம்போக்கு நிலங்களிலுள்ள மரங்களை ஏலம் விடுவது பற்றிப் பேச்சு நடந்தது. அப்பொழுது அன்பர் ஒருவர் எழுந்து, "ஒரு மரத்தை வெட்டினால் அதற்கு ஈடாகப் பத்துக் கன்றுகளை நடுகிறோம், பிறகு மரம் வெட்டுவதில் என்ன குற்றம்?" என்று வினவினார். அவ்வினா நியாயமானதே. அன்று நேரம் போதாமையால் அதற்கு முழு விடை கூற இயலவில்லை. ஆகவே இன்று அதனையே பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டோம்.

பெரும்பாலான நிலங்களில் அந்த அன்பர் கூறியது பெரிதும் பொருந்தும். நம் செம்மண்ணிலும் கரிசலிலும் வெட்டிய மரத்துக்குப் பதில் வேறொரு மரத்தை, தண்ணீரும் காவலும் இருந்தால், வளர்த்துவிடலாம். ஆனால் உலகில் ஒருவகை நிலம் உண்டு. அங்கே மரத்தை வெட்டிய பிறகு நடுவதற்குக் கன்று கிடைக்கும், ஆள் கிடைப்பார், பணமும் கிடைக்கும், மண் மட்டும் இராது. சுண்ணாம்புக்கல் மலைகளைத்தான் குறிப்பிடுகிறோம். இவற்றைப் புவியியல் அறிஞர்கள் 'கார்ஸ்ட்' நிலம் என்பர். நம் வட்டாரத்தில் அத்தகைய நிலம் இல்லை. எனினும் 'வெட்டினால் நட்டுக்கொள்ளலாம்' என்னும் நம்பிக்கைக்கு எல்லை எங்கே இருக்கிறது என்பதை அறிய அதனைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு வேறு இல்லை.

தமிழர் வாழும் பகுதிகளுள் இவ்வகை நிலத்தின் இயல்பைக் காண வேண்டுமாயின் யாழ்ப்பாணத்தை நோக்க வேண்டும். அது மலையன்று, சமதரை. ஆயினும் அடியில் இருப்பது சுண்ணாம்புக்கல்லே. அந்தக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூட இல்லை. வழுக்கையாறு என ஒன்று உண்டு. அதுவும் மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். பெய்த மழையெல்லாம் கல்லின் வெடிப்புகள் வழியே கீழிறங்கிவிடுகிறது. நிலாவரைக் கிணற்றில் மேலே நன்னீரும் ஆழத்தில் உப்புநீரும் இருக்கும். கீரிமலையில் கடலுக்கு அருகிலேயே நன்னீர் ஊற்று எழுகிறது. மேலே வறண்டும் கீழே நீர் நிறைந்தும் இருப்பதே இந்நிலத்தின் தன்மை. விவசாயிகளும் கிணற்று நீரையே நம்பிப் பயிரிட்டு வந்திருக்கிறார்கள்.

இது எவ்வாறு நிகழ்கிறது? மழைநீர் காற்றிலிருந்து சிறிது கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு வருகிறது. வேர்களும் மக்கிய இலைகளும் நிறைந்த மண்ணில் இறங்கும்போது மேலும் மிகுதியாகச் சேர்த்துக்கொள்கிறது. அப்பொழுது நீர் மிக மெல்லிய அமிலமாக மாறிவிடுகிறது. கருங்கல்லை அது எளிதில் ஒன்றும் செய்யாது. சுண்ணாம்புக்கல்லையோ மெல்ல மெல்லக் கரைத்துவிடும். மயிரிழை போன்ற வெடிப்பு விரல் அகலமாகி, விரல் அகலம் ஆள் அகலமாகி, இறுதியில் குகையாகிறது. குகையின் கூரை இடிந்த இடத்திலும், கல் கரைந்து தாழ்ந்த இடத்திலும் நிலத்தின்மேல் பள்ளம் உண்டாகிறது. ஓடி வரும் ஓடை அப்பள்ளத்துள் புகுந்து மறைகிறது. மலையடிவாரத்தில், சில சமயம் பல மைல்களுக்கு அப்பால், ஊற்றாக வெளிப்படுகிறது.

மண்ணைப் பற்றி இங்கே சற்று விரிவாகக் கூற வேண்டும். நம் கேள்விக்கு விடை அதில்தான் இருக்கிறது. பிற பாறைகள் சிதையும்போது பெரும்பகுதி மணலாகவும் களிமண்ணாகவும் அங்கேயே எஞ்சுகிறது. சுண்ணாம்புக்கல் அப்படியன்று, அது கரைந்து நீரோடு போய்விடுகிறது. கலப்பற்ற சுண்ணாம்புக்கல் நூறு பங்கு கரைந்தால் மண்ணாக எஞ்சுவது ஓரிரண்டு பங்கே. எனவே அத்தகைய மலைமேல் ஒரு சாண் மண் சேர ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வேண்டும். பல இடங்களில் மண் என்று நாம் காண்பதே பெரும்பாலும் இலைச்சருகும் பாசியும் மக்கி உண்டான மெல்லிய போர்வைதான். அதனைப் பிடித்து வைத்திருப்பவை மரத்தின் வேர்கள். மழைத்தாரை நேரே விழாமல் தாங்குவது மரத்தின் தலை. மரம் போனால் அம்மண் சரிவின்மேல் மட்டும் ஓடுவதில்லை. கல்லின் வெடிப்புகளுக்குள்ளேயே இறங்கிவிடுகிறது. நம் ஊரில் வரப்பு கட்டி மண்ணரிப்பைத் தடுக்கிறோம். காலுக்குக் கீழே நேராக இறங்கும் மண்ணை எந்த வரப்பு தடுக்கும்?

'கார்ஸ்ட்' என்னும் பெயரே இப்படி மரம் இழந்த நாடு ஒன்றிலிருந்து வந்ததுதான். இத்தாலியின் திரியெஸ்தே நகருக்குப் பின்னால், ஸ்லொவேனியா நாட்டில் பரவியுள்ள பீடபூமிக்குக் கிராஸ் என்று பெயர். பல நூற்றாண்டு மரம் வெட்டலாலும் ஆடு மேய்ச்சலாலும் அது வெறுங்கற்காடாகி விட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் மீண்டும் காடு வளர்க்க முயன்றார்கள். எதை நட்டாலும் காற்றும் வறட்சியும் அழித்தன. 1859-இல் பசோவிட்சா என்னும் ஊருக்கருகே கறுப்புப் பைன் மரங்களை நட்டபோதுதான் முதன்முதலாக வெற்றி கிட்டியது. அதன் பிறகும் தலைமுறை தலைமுறையாக உழைத்தே காட்டை மீட்டார்கள். ஆனால் பைன் எளிதில் தீப்பற்றும் மரம். 2022 ஜூலையில் அங்கே மூண்ட பெருந்தீ ஆயிரக்கணக்கான ஹெக்டேர் நிலத்தை எரித்தது. போன காடு ஒரு வகை, வந்த காடு வேறு வகை என்பதை இதிலிருந்து அறியலாம்.

நம்மைப் போன்று விவசாயிகள் நெருங்கி வாழும் நாட்டில் இது எப்படி முடிகிறது என்பதைச் சீனத்தின் தென்மேற்குப் பகுதி காட்டுகிறது. குய்சோ மாகாணத்தின் நிலத்தில் பாதிக்கு மேல் சுண்ணாம்புக்கல் பூமி. அண்டை மாகாணங்களான குவாங்ஸியிலும் யுன்னானிலும் இத்தகைய நிலம் மிகுதி. அங்கே மக்கட்தொகை பெருகப் பெருக, பள்ளத்தாக்கின் சமநிலம் போதாமல் மக்கள் சரிவுகளில் ஏறினார்கள். விறகுக்கும் வீட்டுக்கும் மரம் வெட்டினார்கள். 1958-இல் ஊர்தோறும் இரும்பு உருக்கும் உலைகள் எழுப்பப்பட்டபோது, அவற்றுக்கு எரிபொருளாகவும் காடுகள் பெருமளவில் அழிந்தன. வெட்டிய சரிவில் மக்காச்சோளம் விதைத்தார்கள். முதற் சில ஆண்டுகள் விளைந்தது. பிறகு மழை பெய்யப் பெய்ய மண் குறைந்து பாறைகள் தலைநீட்டின. பாறைகளின் இடுக்கில் தலைப்பாகை அளவு மண் இருந்தாலும் அதில் நான்கு சோளத்தை ஊன்றி வைக்கும் நிலைக்கு விவசாயிகள் வந்தார்கள். மழைக்குக் குறைவில்லாத நாட்டில், பெண்கள் குடிநீருக்காக மலையேறி இறங்கினார்கள். நீர் இருந்தது, அது காலுக்கு வெகு கீழே பாறைக்குள் ஓடிக்கொண்டிருந்தது. பாறைப் பாலைவனமாதல் என்றே அதற்குச் சீனர் பெயரிட்டார்கள். 2005-ஆம் ஆண்டுக் கணக்கின்படி இவ்வாறு பாழ்பட்ட நிலம் ஏறத்தாழ 1 கோடியே 30 லட்சம் ஹெக்டேர்.

அதே குய்சோ மாகாணத்தில் லிபோ என்னும் பகுதியில் மாவ்லான் காடு இருக்கிறது. அதே சுண்ணாம்புக்கல், அதே மழை, அதே செங்குத்தான குன்றுகள். ஆனால் அங்கே மரங்களை வெட்டாமல் விட்டார்கள். பாறைமேல் மண் மிகச் சொற்பமே. வேர்கள் பாறையைக் கட்டிப்பிடித்து வெடிப்புகளுக்குள் இறங்கி நிற்கின்றன. அக்காடு பசுமை மாறாது அடர்ந்து நிற்கிறது. 2007-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாகவும் ஏற்கப்பட்டது. பாறைக்காடாகிப்போன சரிவையும் மாவ்லானையும் ஒருங்கே எண்ணிப் பார்க்கும் எவரும், 'இந்தக் கல்லில் மரம் வளராது' என்று சொல்லமாட்டார். வளரும், வளர்ந்திருக்கிறது. ஒருமுறை கலைத்த பின் மறுபடி வளர்வதுதான் கடினம்.

இது விவசாயத்தால் வந்த கேடேயன்றி மரம் வெட்டியதால் வந்ததன்று என்று சிலர் வாதிக்கக் கூடும். அதற்கும் விடை உண்டு. கனடா நாட்டின் மேற்குக் கரையிலுள்ள வான்கூவர் தீவில் விவசாயம் ஏதும் நடவாத மலைச்சரிவுகளை ஆராய்ந்தார்கள். சுண்ணாம்புக்கல் சரிவுகளையும் அவற்றை ஒட்டியிருந்த எரிமலைப் பாறைச் சரிவுகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மழை ஒன்று, மரவகை ஒன்று, வெட்டிய விதமும் ஒன்று. 1993-இல் வெளிவந்த அந்த ஆராய்ச்சியின்படி, வெட்டியபின் சுண்ணாம்புக்கல் சரிவுகளில் மண் குறைந்து வெறும்பாறை மிகுந்தது. எரிமலைப் பாறைச் சரிவுகளில் அத்துணை மாறுதல் இல்லை. வெட்டிய பின் கழிவுக் கிளைகளைத் தீயிட்டுக் கொளுத்திய இடங்களில் கேடு இன்னும் அதிகம். மக்கிய இலையே மண்ணாக இருக்கும் இடத்தில் தீ வைத்தால் மண்ணையே எரித்ததாகும் அல்லவா? கூப்பு வெட்டி முடித்ததும் செத்தையைக் கொளுத்துவது நம் மலைகளிலும் பழைய வழக்கம். அதனை எல்லா நிலத்துக்கும் பொது விதியாகக் கொள்ளலாகாது என்பதற்காகவே இதைக் கூறுகிறோம்.

இனி, வெட்டியே தீரவேண்டும் என்ற நிலையில் எப்படி வெட்டுவது என்பதைப் பார்ப்போம். இதற்கு அலாஸ்காவின் தென்கிழக்கிலுள்ள டோங்காஸ் தேசியக் காடு நல்ல பாடம். அமெரிக்க ஐக்கிய நாட்டின் தேசியக் காடுகளில் இதுவே மிகப் பெரியது. அதில் பிரின்ஸ் ஆப் வேல்ஸ் என்னும் தீவு பெரும்பாலும் சுண்ணாம்புக்கல்லால் ஆகாவிடினும், சுண்ணாம்புக்கல் பரந்து கிடக்கும் இடம். அங்கே ஒரு விந்தை உண்டு. அந்நாட்டில் ஓயாத மழை. சாதாரண நிலத்தில் நீர் தேங்கிச் சதுப்பாகி மரங்கள் குட்டையாகவே வளரும். சுண்ணாம்புக்கல் நிலத்திலோ நீர் உடனே வடிந்துவிடுவதால் ஸ்ப்ரூஸ், ஹெம்லாக் மரங்கள் ஓங்கி வளர்ந்து பருத்து நிற்கின்றன. மிக நல்ல மரம் நிற்பதும் மிக மெல்லிய மண்ணில். காண்டிராக்டர் முதலில் கண் வைப்பதும் அங்கேதான். அரசாங்கம் 50 ஆண்டு ஒப்பந்தம் செய்துகொண்டு, 1954-இல் கெச்சிக்கனில் மரக்கூழ் ஆலை தொடங்கிய பின்னர், பெருவெட்டு நடந்தது. 1997-இல் அந்த ஆலை மூடப்பட்டது.

பெருவெட்டில் நேர்ந்த கேடுகள் பல. கிளைகளையும் அடிக்கட்டைகளையும் எங்கே போடுவது என்று பார்த்தவர்களுக்கு நீர் விழுங்கும் பள்ளங்கள் வசதியான குப்பைக்குழிகளாகத் தோன்றின. நம் ஊரில் பாழ்ங்கிணற்றில் குப்பை கொட்டுவோரை நினைத்துக்கொள்ளுங்கள்; மனிதப் புத்தி எங்கும் ஒன்றுதான். பள்ளத்தின் வாய் அடைபட்டு நீர் வேறு வழி தேடியது. அடைபடாத இடத்தில் செத்தை அழுகி, நீரிலுள்ள பிராணவாயுவைக் குறைத்து, கலங்கல் குகை வழியே ஊற்றுக்குப் போயிற்று. அந்த ஊற்றுகளிலிருந்து ஓடும் ஆறுகளில்தான் சால்மன் மீன்கள் வந்து முட்டையிடும். சுண்ணாம்பு கலந்த நீரில் மீன் வளம் மிகுதி. மேலே மரம் வெட்டியவருக்கும் கீழே மீன் பிடித்தவருக்கும் இடையே ஒரு மலை இருந்தது. அதனால் ஒருவர் செய்கை மற்றவரைச் சேர்வது கண்ணுக்குத் தெரியவில்லை.

கண்ணுக்குத் தெரியச் செய்வது எப்படி என்பதை 1877-இலேயே ஜெர்மனியில் கண்டுவிட்டார்கள். அக்கதை பஞ்சாயத்தார் கேட்கத் தக்கது. டான்யூப் ஆற்றின் நீர் இம்மென்டிங்கன் என்னும் ஊருக்கருகே ஆற்றுப்படுகையிலேயே மறைந்துவிடும். வறண்ட காலத்தில் ஆறே நின்றுபோகும். ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தெற்கே ஆக் என்னும் இடத்தில் பெரிய ஊற்றொன்று எழுந்து, ஆலைகளுக்குச் சக்கரம் சுழற்றிக்கொண்டிருந்தது. ஆற்றங்கரையார், "எங்கள் தண்ணீர்" என்றார்கள். ஊற்றடியார், "எங்கள் ஊற்று" என்றார்கள். அப்பொழுது க்னோப் என்னும் அறிஞர், நீர் மறையும் இடத்தில் 10 கிலோ பச்சைச் சாயமும், 20 டன் உப்பும், வாசனை தரும் எண்ணெயும் கரைத்துவிட்டார். ஏறத்தாழ 60 மணி நேரத்தில் ஆக் ஊற்று பச்சையாகி, உப்புக் கரித்து, எண்ணெய் மணத்தோடு பொங்கியது. கருங்கடலுக்குப் போகவேண்டிய டான்யூப் நீர் மலைக்கடியில் புகுந்து ரைன் ஆற்றின் வழியே வடகடலுக்குப் போவது ஐயமற நிறுவப்பட்டது. வழக்கு மட்டும் நின்றுவிடவில்லை. பாடன், வுர்ட்டம்பெர்க் ஆகிய இரு நாடுகளுக்கிடையே 1927-இல் உயர் நீதிமன்றம் வரை போயிற்று. சாயம் உண்மையைக் காட்டும். பங்கு பிரித்துக் கொடுக்காது.

இன்று உப்பும் எண்ணெயும் வேண்டுவதில்லை. தீங்கற்ற சாயம் சிறிதளவு போதும். மலையைச் சுற்றியுள்ள ஊற்றுகளில் கரித்தூள் அடைத்த சிறு பைகளைக் கட்டித் தொங்கவிடுவார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சாயம் வந்தாலும் கரி அதைப் பிடித்துவைத்துக்கொள்ளும். எந்தப் பள்ளத்து நீர் எந்த ஊற்றுக்குப் போகிறது என்று அறிந்த பிறகுதான் எந்தக் காட்டை வெட்டலாம் என்ற கேள்வியே எழ வேண்டும். மலையின் மேற்பரப்பில் நாம் காணும் நீர்ப்பிரிவு மேடு வேறு; பூமிக்குள் நீர் பிரியும் எல்லை வேறு. வரைபடத்தில் கோடு கிழித்து, 'இது இந்த ஊர் நீர்ப்பிடிப்பு' என்று எழுதிவைப்பது இங்கே செல்லாது.

அமெரிக்காவில் 1988-இல் குகைகளைக் காக்கும் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. 1997-இல் டோங்காஸ் காட்டுக்கு வகுத்த திட்டத்தில் சுண்ணாம்புக்கல் நிலத்தைக் கேடுறும் தன்மைக்கேற்பக் குறைவு, நடுத்தரம், மிகுதி என மூன்றாகப் பிரித்தார்கள். மண் மிக மெல்லியதாகவும் சரிவு செங்குத்தாகவும் பள்ளங்களும் குகைகளும் திறந்தும் கிடக்கும் நிலம் மிகுதி வகையைச் சேரும். அங்கே கோடரியே கூடாது. நடுத்தர நிலத்தில் நிபந்தனைகளோடு வெட்டலாம். பள்ளங்களையும் மறையும் ஓடைகளையும் சுற்றி மரங்களை வெட்டாமல் விடவேண்டும். வெட்டும் மரம் பள்ளத்துக்கு எதிர்ப்புறமாகச் சாயுமாறு வெட்டவேண்டும். கட்டையைத் தரையில் இழுத்துச் செல்லாமல் கம்பி வடத்தில் தூக்கிச் செல்லவேண்டும். இழுத்தால் பாசியும் மண்ணும் பாய் சுருட்டுவது போல் சுருண்டு வந்துவிடும். பாதை போடும்போது குகையின் கூரைமேல் போடலாகாது. பாதையோர வாய்க்கால் நீரைப் பள்ளத்துக்குள் திருப்பிவிடலாகாது. சேற்றை மலையின் வயிற்றுக்குள் ஊற்றுவதற்கு அதைவிட எளிய வழி இல்லை.

மரங்களைச் சுற்றி விடுவது என்று சொன்னோம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காட்டின் நடுவில் கூட்டத்தோடு கூட்டமாய் வளர்ந்த மரம் தனியே நின்று காற்றைத் தாங்கப் பழகியதில்லை. பள்ளத்தைச் சுற்றி ஒற்றை வரிசை மரத்தை மட்டும் விட்டு மற்றதை வெட்டினால், அடுத்த புயலில் அவ்வரிசை வேரோடு சாயும். சாயும்போது அதுவே பள்ளத்தின் விளிம்பைப் பெயர்த்துக்கொண்டு உள்ளே விழும். ஆகவே காற்றைத் தாங்கும் அளவுக்கு அகலமாக விடவேண்டும். அந்த அகலத்தை இடத்துக்கு இடம் காற்று வீசும் திசை பார்த்துத்தான் முடிவு செய்ய இயலும். அலுவலகத்தில் உட்கார்ந்து இத்தனை அடி என்று எழுதி முடிக்க இயலாது. விதியைச் சொல்வதைவிட, விதி வகுத்தவர் காட்டில் நடந்து பார்ப்பதே பெரிது என்பது நம் கருத்து. கனடாவிலும் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாண அரசாங்கம் 2003-இல் இவ்வகை நிலங்களுக்கெனத் தனிக் கையேடு வெளியிட்டது.

வெட்டுவதற்கு முன் நடந்து பார்த்ததால் கிடைத்த பலன் ஒன்றையும் கூறவேண்டும். பிரின்ஸ் ஆப் வேல்ஸ் தீவில் மரம் வெட்டும் திட்டத்துக்காகக் குகைகளைக் கணக்கெடுத்தபோது, தவழ்ந்துதான் நுழையவேண்டிய சிறு குகை ஒன்று தென்பட்டது. 1996-இல் அதனுள் மனித எலும்புகள் கிடைத்தன. அவை 10,000 ஆண்டுகளுக்கு மேற்பட்டவை. அத்தீவின் பழங்குடியினரான திலிங்கித் மக்களோடு கலந்து பேசி, அவர்கள் இசைவோடு ஆராய்ச்சி நடந்தது. 2008-இல் அவ்வெலும்புகளை அவர்களே முறைப்படி மீண்டும் நல்லடக்கம் செய்தார்கள். கணக்கெடுக்காமல் வெட்டியிருந்தால் அக்குகை வாயில் கிளைக் குவியலின்கீழ் மறைந்திருக்கும்.

இவ்வளவும் கேட்டபின் உங்களில் பலருக்கு வேறொரு கேள்வி எழுந்திருக்கும். 'வெட்டாதே என்று சொல்லிவிட்டீர்கள். அந்த மரத்தை நம்பியிருந்தவன் என்ன செய்வான்?' இதற்கு விடை கூறாத எந்தத் திட்டமும் காகிதத்திலேயே நின்றுவிடும்.

சீனர் 1998-இல் யாங்சி ஆற்றுப் பெருவெள்ளத்துக்குப் பிறகு இயற்கைக் காடுகளில் வெட்டுவதை நிறுத்தத் தொடங்கினார்கள். 1999-இல் சரிவு நிலங்களைக் காடாக மாற்றும் விவசாயிகளுக்குத் தானியம் கொடுக்கும் திட்டத்தை ஆரம்பித்தார்கள். யாங்சி ஆற்றின் மேற்பகுதியில் ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 2,250 கிலோ தானியம். நம் கணக்கில் ஏக்கருக்கு ஏறத்தாழ 900 கிலோ. அதனுடன் ஹெக்டேருக்கு 300 யுவான் ரொக்கம். கன்றுக்கென முதலில் ஒருமுறை 750 யுவான். பாதுகாப்புக் காடாக மாற்றினால் 8 ஆண்டுகள். பழமரம் போன்ற வருமானம் தரும் மரம் வைத்தால் 5 ஆண்டுகள். 2007-இல் காலத்தை நீட்டித்து, தொகையைப் பாதியளவாகக் குறைத்தார்கள். விறகின் தேவையைக் குறைக்கக் குவாங்ஸியிலுள்ள கோங்செங் வட்டத்தில் பன்றி வளர்ப்பு, சாண எரிவாயு, பழத்தோட்டம் மூன்றையும் ஒன்றோடொன்று இணைத்தார்கள். பல குன்றுகளில் கன்றுகூட நடவில்லை. ஆடுமாடும் அரிவாளும் ஏறாமல் மலையை மூடிவைத்தார்கள். எஞ்சிய வேரும் விதையும் தாமே தழைத்தன. பாழ்பட்ட நிலம் 2016-இல் ஏறத்தாழ 1 கோடி ஹெக்டேராகக் குறைந்தது. பதினோர் ஆண்டுகளில் 30 லட்சம் ஹெக்டேர் குறைந்தது சிறிதன்று. ஆனாலும் எஞ்சியது எவ்வளவு என்பதையும் நோக்குங்கள்.

நம் நாட்டில் இது வேறு விதமாக நடந்தது; அதன் தொடக்கம் நம் நீலகிரியிலேயே இருக்கிறது. கூடலூர்ப் பகுதிக் காடுகளில் மரம் வெட்டுவதை எதிர்த்து 1995-இல் கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் உச்ச நீதிமன்றத்தில் மனுச் செய்தார். 1996 டிசம்பர் 12-இல் நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவு நீலகிரியோடு நிற்கவில்லை. காடு என்னும் சொல்லுக்கு அகராதிப் பொருளே பொருள் என்றும், அது யாருக்குச் சொந்தமாயினும் சட்டம் பொருந்தும் என்றும் கூறியதோடு, வடகிழக்கிலுள்ள ஏழு மாநிலங்களிலிருந்து மரம் வெளியே போவதையும் அது தடுத்தது. அவற்றுள் மேகாலயா ஒன்று. இந்தியாவின் மிக நீண்ட குகைகள் அங்கேதான் இருக்கின்றன. தென் சரிவெங்கும் சுண்ணாம்புக்கல். அங்குள்ள காடுகளில் மிகச் சிறு பகுதியே அரசாங்கத்துடையது. பெரும்பகுதி ஊருக்கும் குலத்துக்கும் குடும்பத்துக்கும் சொந்தம். அவர்களுக்கு அவ்வுத்தரவு காட்டைக் காத்தது. கூடவே மரத்தில் வந்த வருமானத்தையும் நிறுத்தியது. சீனத்தில் கொடுத்ததுபோல் ஏக்கருக்கு இத்தனை கிலோ என்று யாரும் அளந்து கொடுக்கவில்லை. மரத்தைக் காத்த உத்தரவு மரத்தடியிலுள்ள கல்லைக் காக்கவும் இல்லை. ஜயந்தியா மலைகளில் சுண்ணாம்புக்கல்லை வெட்டியெடுத்துச் சிமெண்டு ஆலைகள் நடக்கின்றன.

ஆனால் அம்மலைவாழ் காசி மக்களிடம் உத்தரவுக்கு வெகு காலம் முன்னரே ஒரு ஏற்பாடு இருந்தது, இன்றும் இருக்கிறது. ஊருக்குச் சொந்தமான காட்டில் வீடு கட்டுவோர் தேவைக்கு ஊர்ச்சபையின் அனுமதி பெற்று மரம் எடுத்துக்கொள்ளலாம். நீர் ஊற்றுகளுக்கு மேலுள்ள காட்டையும் சரிவுகளையும் தனியே ஒதுக்கிவைப்பார்கள். அது வெட்டக் கூடாத காடு. தெய்வத்துக்கென விட்ட காட்டிலோ சுள்ளி பொறுக்குவதும் தகாது. 1958-இல் அம்மாவட்ட மன்றம் இயற்றிய காட்டுச் சட்டத்தில் இப்பிரிவுகளுக்கு இடம் அளித்தார்கள். சிரபுஞ்சி பீடபூமியில் ஆண்டுக்கு 11,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. பழங்காலம் முதல் இரும்பு உருக்கக் கரி சுட்டும், மேய்த்தும், எரித்தும் அதன் பெரும்பகுதி புல்வெளியாகி விட்டது. மழை நின்ற சில மாதங்களில் ஊரார் குடிநீருக்கு அலைகிறார்கள். அங்கேயே, மாஸ்மாய் குகையை ஒட்டி, தெய்வத்துக்கென விட்ட தோப்பு ஒன்று சுண்ணாம்புக்கல் மேல் அடர்ந்து நிற்கிறது. அதற்கு யாரும் கன்று நடவில்லை.

இனி உங்கள் வினாக்களைக் கேட்கலாம். மர ஏலம் பற்றிய தீர்மானத்தை இடைவேளைக்குப் பின் எடுத்துக்கொள்வோம். எந்தெந்த ஊற்றுக்கும் குளத்துக்கும் மேலே அம்மரங்கள் நிற்கின்றன என்ற பட்டியலை உறுப்பினர்கள் அதற்குள் எழுதித் தரவேண்டுகிறோம்.